முட்டாள் யார்: பதில் சொன்னவரா, கேள்வி கேட்டவரா?

மார்ச் 2, இரவு 10:50

நேரே விஷயத்துக்கு வருகிறேன். மனிதனுக்குப் பகுத்தறிவோடு முடிவெடுக்கத் தெரியாது என்று காட்டிய புகழ்பெற்ற சோதனைகளில் பாதிக்கு மேல், ஆராய்ச்சியாளர் மனதில் இருந்த கேள்விக்கும் எதிரே உட்கார்ந்தவர் காதில் விழுந்த கேள்விக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அளந்திருக்கின்றன. இது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

லிண்டாவை எடுங்கள். 1983இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட கட்டுரையில் வருபவள். 31 வயது, தனியாக இருப்பவள், மனதில் பட்டதைப் பேசுபவள், தத்துவம் படித்தவள், மாணவியாக இருந்தபோது பாகுபாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவள், அணு எதிர்ப்பு ஊர்வலங்களுக்குப் போனவள். இப்போது எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்? லிண்டா வங்கிக் காசாளர். அல்லது, லிண்டா வங்கிக் காசாளர், பெண்ணிய இயக்கத்திலும் இருக்கிறாள். சுமார் 85 சதவீதம் பேர் இரண்டாவதைச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர் தீர்ப்பு: பெண்ணியவாதிக் காசாளர் எல்லோரும் காசாளர்கள்தானே, உட்கணம் எப்படிப் பெரிய கணத்தைவிடப் பெரிதாகும், தப்பு, மக்கு, உட்கார்.

நான் கேட்கிறேன்: ஊர்வலம் போனதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அதற்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை என்றால் கேட்பவன் என்ன நினைப்பான்? முதல் விடையை "காசாளர், ஆனால் இயக்கத்தில் இல்லை" என்றுதான் படிப்பான். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம்.

இதை ஏன் இப்போது கிளப்புகிறேன் என்றால், வீட்டில் ஒரு சண்டை. அக்காவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். நான் எண்களை அடுக்கினேன். "உன் எண்களையெல்லாம் உன் முட்டிக்கு வைத்துக்கொள்" என்று எழுந்து போய்விட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 2, இரவு 11:25

"பகுத்தறிவு" என்ற சொல்லைப் பார்த்ததும் கடவுள் உண்டா இல்லையா என்று சண்டை போட ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும். இங்கே பேசுவது வேறு. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது, நமக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. "அறிவுக்கு ஒத்த முடிவு" என்று வைத்துக்கொள்கிறேன். நீளம்தான், பரவாயில்லை.

மார்ச் 3

அக்கா சண்டையில் நான் செய்த முதல் தப்பு இப்போது உறைக்கிறது. மருத்துவர் சொன்னது: "நூற்றுக்கு எண்பது பேர் திருப்தியாக இருக்கிறார்கள்." அக்கா கேட்டது: "ஐந்தில் ஒருவர் திருப்தியாக இல்லை." இரண்டும் ஒரே எண். நான் உடனே வாத்தியார் தொனியில், "இதுதான் சொல்லும் விதத்தில் ஏமாறுவது" என்று ஆரம்பித்துவிட்டேன்.

1982இல் மெக்நீலும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா? "அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள்" என்று சொன்னபோது மருத்துவர்களில் 84 சதவீதம் பேர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். "முதல் மாதத்தில் 10 சதவீதம் பேர் இறக்கிறார்கள்" என்றதும் அது 50 ஆகிவிட்டது. நோயாளிகள் இல்லை, மருத்துவர்கள்! இதைத்தான் அக்காவிடம் வீசினேன், "டாக்டர்களே ஏமாறுகிறார்கள், நீ எம்மாத்திரம்" என்று.

ஆனால் யோசித்தால், 80 என்று சொல்வதா 20 என்று சொல்வதா என்பதைச் சொல்கிறவர் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வே ஒரு செய்தி. ஷேர், மெக்கன்சி என்ற இருவர் 2006இல் காட்டியது இது: நிறைந்த டம்ளரிலிருந்து பாதியை வெறும் டம்ளரில் ஊற்றிவிட்டு, "பாதி காலியானதை எடுங்கள்" என்றால் பலரும் முன்பு நிறைந்திருந்த டம்ளரையே எடுக்கிறார்கள். கணக்குப்படி இரண்டும் ஒன்று. பேச்சுப்படி ஒன்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது, மற்றதில் ஏறியிருக்கிறது. ஆக, "எண்பது பேர் திருப்தி" என்ற மருத்துவர் ஒரு எண்ணைச் சொன்னதோடு "செய்துகொள்ளுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா அந்த இரண்டாவதைத்தான் மறுத்தாள். எண்ணை அவள் மறுக்கவே இல்லை.

எனக்கு ஒரு மதிப்பெண், ஆராய்ச்சியாளர்களுக்கு சைபர் என்று எழுதிவைத்தேன். அவசரம்தான்.

மார்ச் 5

லிண்டா விஷயத்தில் வாபஸ். முழு வாபஸ் இல்லை, முக்கால்.

அந்த 1983 கட்டுரையை முழுதாக உட்கார்ந்து படித்தேன். முன்பு மேற்கோள்களாகத்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன ஆட்சேபணை அவர்களுக்கு அப்போதே தோன்றியிருக்கிறது. முதல் விடையை "காசாளர், பெண்ணிய இயக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். எதன் மேல் பந்தயம் கட்டுவீர்கள் என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் பாதிக்கு மேல் அதே வழுக்கல். நான் கண்டுபிடித்ததாக நினைத்த ஓட்டையை, நான் பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அடைத்துவிட்டிருந்தார்கள்.

மீதிக் கால் பங்கு என்னிடமே இருக்கிறது. "லிண்டா போன்ற நூறு பேர் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் காசாளர்கள், எத்தனை பேர் பெண்ணியவாதிக் காசாளர்கள்" என்று தலைக்கணக்காகக் கேட்டால் பிழை வெகுவாகக் குறைகிறது. ஜெர்மன் உளவியலாளர் கிகரென்சர் இதைப் பிடித்துக்கொண்டுதான் பல வருடம் சண்டை போட்டார். நிகழ்தகவு என்பது பள்ளிக்கூடத்துச் சரக்கு, எண்ணிப் பார்ப்பது கையோடு பிறந்தது என்பது மாதிரி ஒரு வாதம். ஓரளவுக்கு எனக்குச் சம்மதம். ஆனால் வாழ்க்கை எல்லாவற்றையும் தலைக்கணக்காக்கிக் கையில் தருவதில்லையே.

மார்ச் 9

மனிதன் ஆகச் சிறந்ததைத் தேடாமல் போதுமானதோடு நிறுத்திக்கொள்கிறான் என்றவர் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன். அவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்போ சைமன் சொன்னது போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து, அவ்வளவுதானே?"

இல்லை. இந்தப் பழமொழியை இதில் இழுப்பது ரொம்ப வசதியாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகப்பட வேண்டும். ஹெர்பர்ட் சைமன் 1955இல் எழுதியது திருப்தியடையும் குணத்தைப் பற்றி இல்லை, தேடலை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி. அன்றைய பொருளாதாரத்தின் மனிதனுக்கு எல்லா வழிகளும் தெரியும், எல்லா விளைவுகளும் தெரியும், எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சிறந்ததைப் பொறுக்குவான். சைமன் கேட்டது: அவ்வளவு கணக்குப் போட எந்தத் தலையில் இடம், எந்தக் கடிகாரத்தில் நேரம்? நிஜ மனிதன் ஒரு மட்டம் வைத்துக்கொள்கிறான். அந்த மட்டத்தைத் தாண்டியது முதலில் எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறான். சுலபமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் மட்டம் ஏறும், கிடைக்காவிட்டால் இறங்கும். பழமொழியில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அங்கே மட்டம் ஒரேயடியாகத் தரையில்.

எனக்கு அவரிடம் பிடித்தது கத்தரிக்கோல் உவமை. ஒரு அலகு மனதின் வரம்பு, மறு அலகு சூழலின் அமைப்பு. ஒற்றை அலகை வைத்துக்கொண்டு கத்தரி ஏன் வெட்டுகிறது என்று விளக்க முடியாது. சோதனைச்சாலைக்காரர்கள் மனித அலகை மட்டும் கழற்றி வைத்து, பாருங்கள் மொட்டையாக இருக்கிறது என்கிறார்கள். (என் முதல் குறிப்பில் நான் செய்தது அதன் மறுபக்கம். எல்லாப் பழியையும் சூழல் அலகின் மேல் போட்டேன்.)

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

சைமன் பேச்சோடு இதையும் போடாவிட்டால் தூக்கம் வராது. ஹாரி மார்க்கோவிட்ஸ், முதலீட்டை எப்படிப் பிரித்துப் போடுவது என்று 1952இல் கணிதம் எழுதியவர், அதற்காக 1990இல் நோபல் வாங்கியவர். சொந்த ஓய்வூதியப் பணத்தை என்ன செய்தார்? பாதி பங்குகளில், பாதி கடன் பத்திரங்களில். சந்தை ஏறி நான் உள்ளே இல்லாவிட்டாலும் வருத்தம், இறங்கி முழுக்க உள்ளே இருந்தாலும் வருத்தம், அதனால் சரிபாதி என்று அவரே சொல்லியிருக்கிறார். மேலும் எழுத வேண்டியதில்லை.

மார்ச் 16

நீளமான குறிப்பு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் இந்த இழையில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கூடைப்பந்து ரசிகனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: தொடர்ந்து இரண்டு மூன்று போட்டவன் கை "சூடாகிவிட்டது", அடுத்ததும் விழும். 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் கணக்கெடுத்து, சூடும் இல்லை ஆறலும் இல்லை, எல்லாம் கண் மயக்கம் என்றார்கள். அதன் பிறகு முப்பது வருடம், மனிதன் இல்லாத ஒழுங்கைப் பார்க்கிறான் என்பதற்கு இதுதான் முதல் உதாரணம். நானே எத்தனை பேரிடம் இதைச் சொல்லி மட்டம் தட்டியிருக்கிறேன்.

2018இல் மில்லரும் சான்ஹுர்ஹோவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மூவரின் அளவுகோலிலேயே ஓட்டை என்று. படித்தபோது நம்பவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போடுங்கள்.

நாணயத்தை மூன்று முறை சுண்டுகிறோம். தலைக்கு த, பூவுக்கு பூ. எட்டு விதமாக விழலாம். ஒவ்வொன்றிலும் கேள்வி: தலை விழுந்த அடுத்த சுண்டலில் மறுபடி தலை விழுந்தது எத்தனை பங்கு?

தததவில் இரண்டுக்கு இரண்டு, அதாவது 1. ததபூவில் பாதி. தபூத, சைபர். தபூபூ, சைபர். பூதத, 1. பூதபூ, சைபர். பூபூதவிலும் பூபூபூவிலும் கேள்விக்கே இடமில்லை, தலைக்குப் பிறகு சுண்டலே கிடையாது. கூட்டினால் இரண்டரை. எட்டால் வகுத்தால் 0.31 வருகிறது. நேர்மையான நாணயத்தில் பாதி வர வேண்டிய இடத்தில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே!

அதாவது சூடே இல்லாத கை இந்த அளவுகோலில் குளிர்ந்த கையாகத் தெரியும். அப்படியென்றால் அளவுகோல் "சூடும் இல்லை ஆறலும் இல்லை" என்று காட்டிய கை உண்மையில் சூடாக இருந்த கை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 26 ஆட்டக்காரர்களை ஆளுக்கு 100 முறைவரை பந்து போடவைத்து எடுத்த அதே பழைய தரவைத் திருத்திப் பார்த்தபோது சூடு தெரிந்தது. ரசிகன் சொன்னது முழுக்கச் சரி என்று ஆகிவிடாது, அவன் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் "இல்லாததைப் பார்க்கிறாய்" என்று அவனுக்குப் பாடம் எடுத்தவர்கள், இருந்ததைப் பார்க்கவில்லை.

மார்ச் 17, காலை

நேற்றைய கணக்கில் தப்பு. இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள், ஒருவர் கொஞ்சம் ருசித்தே பிடித்தார். கேள்விக்கே இடமில்லாத இரண்டு வரிசைகளை விட்டுவிட்டு ஆறால்தான் வகுக்க வேண்டும். இரண்டரையை ஆறால் வகுத்தால் பன்னிரண்டில் ஐந்து, ஏறக்குறைய 0.42. பாதிக்குக் கீழேதான், வாதம் நிற்கிறது. ஆனால் நிபுணர்களின் சறுக்கலைக் கொண்டாடிய அதே குறிப்பில் நான் சறுக்கியதை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

மார்ச் 28

சரி, எதிர்ப்பக்கம் சாட்சி சொல்கிறேன். சாட்சி நானேதான்.

நான் பிழைப்புக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் மொழிபெயர்ப்பவன். வேலை ஒப்புக்கொள்ளும்போது எத்தனை நாள் என்று சொல்வேன், நோட்டில் குறிப்பேன். முடித்த நாளையும் குறிப்பேன். இத்தனை வருடத்தில் இரண்டு நெடுவரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. போன வாரம் பார்த்தேன். கடைசிப் பதினான்கு வேலைகளில் சொன்ன நாளில் முடிந்தது இரண்டு. சராசரியாக, சொன்னதைப் போல 1.7 மடங்கு. தாமதமான பன்னிரண்டுக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது. காய்ச்சல், கணினி, மூலத்தில் குளறுபடி. காரணங்கள் எல்லாம் உண்மை. பதின்மூன்றாவதற்கும் ஏதாவது வரும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே எந்தச் சோதனைக்காரரும் என்னைக் குழப்பவில்லை. கேள்வி என்னுடையது, பதில் என்னுடையது, தரவு என் மேசை இழுப்பறையில். என் முதல் குறிப்பின் வாதம் இதில் ஒரு அடிகூட நகராது.

ஆறுதலுக்கு ஒன்று. கானமனே இதில் மாட்டியிருக்கிறார். 1970களில் ஒரு குழுவோடு பள்ளிப் பாடநூல் எழுதினார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டபோது எல்லோரும் இரண்டு வருடத்தை ஒட்டியே சொன்னார்கள். குழுவிலேயே இருந்த பாடத்திட்ட நிபுணரும் அதையே சொன்னார். இதுபோன்ற மற்றக் குழுக்கள் என்ன ஆயின என்று அவரைக் கேட்டதும்தான் வாயடைத்தது: சுமார் 40 சதவீதம் முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழிலிருந்து பத்து வருடம் எடுத்தன. கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காதது போல வேலையைத் தொடர்ந்தார்கள். எட்டு வருடமானது. பாடநூலின் பொருள்: தீர்ப்பும் முடிவெடுத்தலும்.

ஏப்ரல் 6

அக்கா பற்றி. இந்த ஒரு மாதமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கணக்கில் இருந்தது வலி, நடை, வெற்றி வாய்ப்பு. அவள் கணக்கில் இருந்தது வேறாக இருந்தால்? படுத்தால் ஆறு வாரம் இன்னொருவர் கையைப் பிடித்து நடக்க வேண்டும். எங்களை வளர்த்தவள் அவள்தான். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு "யாரையும் சாராமல் இருப்பது" என்பது வலிக்கு எதிரே தராசில் வைக்கிற எடைக்கல் இல்லை, தராசே அதன் மேல்தான் நிற்கிறது.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இந்த இரண்டையும் அப்போதே பிரித்துவைத்தார்: குறிக்கோளுக்கு ஏற்ற வழியைத் தேடும் அறிவு ஒன்று, விளைவு எதுவானாலும் ஒரு மதிப்பைப் பற்றி நிற்கும் அறிவு இன்னொன்று. இரண்டாவதை அவர் அறிவீனம் என்று தள்ளவில்லை. அமர்த்தியா சென் 1977இல், தன் விருப்பங்களை மட்டும் சீராக வரிசைப்படுத்தி நடக்கும் ஆளை "பகுத்தறிவுள்ள முட்டாள்" என்றே அழைத்தார். தனக்கு நட்டம் என்று தெரிந்தும் ஒன்றுக்குக் கட்டுப்பட்டு நடப்பதை அந்த ஆளின் கணக்கில் எழுத இடமே இல்லை என்பது அவர் குறை.

ஆக, அக்கா முடிவில் பிழை இல்லை. நான்தான் அவள் கேட்காத கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் குறிப்பு கடைசியில் ஜெயித்துவிட்டது பாருங்கள்.

ஏப்ரல் 14

அக்கா இந்த இழையைப் படித்துவிட்டாள். அவள் மகள் காட்டியிருக்கிறாள்.

ஃபோனில் முதல் ஒரு நிமிடம் சிரிப்பு மட்டும்தான். பிறகு: "தராசே என் மேல்தான் நிற்குதா? டேய், எனக்குப் பயம்டா. கத்தின்னா பயம். மயக்க மருந்து கொடுத்து நான் எழுந்திருக்காமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். இதுக்குப் போய் யாரோ வெள்ளைக்காரனையெல்லாம் கூப்பிட்டிருக்கே."

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஏப்ரல் 6 குறிப்பை இப்போது படித்தால் கூசுகிறது. அழகாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

1977இல் நிஸ்பெட்டும் வில்சனும் எழுதியது நினைவுக்கு வந்தது. கடையில் நான்கு ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. இடது கோடியில் இருந்ததைவிட வலது கோடியில் இருந்ததை ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்றால் நெசவு, மென்மை என்றார்கள். இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம் காரணமாயிருக்குமா என்று கேட்டபோது கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அங்கே அவரவர் முடிவுக்கு அவரவர் காரணம் சோடித்தார்கள். நான் ஒரு படி மேலே போய் இன்னொருத்தி முடிவுக்குச் சோடித்திருக்கிறேன்.

ஏப்ரல் 15

நேற்று எழுதியதும் அரைகுறை. "பயம்தான்" என்று அக்கா சொல்வதை மட்டும் ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்? அதுவும் கேட்ட பிறகு சொன்ன காரணம்தானே. சரி, இந்தப் பாதையில் போனால் திரும்பி வர முடியாது, நிறுத்துகிறேன்.

பயம் என்பதாலேயே அது அறிவுக்கு எதிர்க்கட்சி ஆகிவிடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நரம்பியல் மருத்துவர் தமாசியோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியில் சேதம், புத்திக்கூர்மை குறையவில்லை, உணர்ச்சி மட்டும் மங்கிவிட்டது. அடுத்த முறை வர இரண்டு தேதிகளைக் கொடுத்தால், அந்த நாள் வேறு வேலை, இந்த நாள் வானிலை என்று ஏறக்குறைய அரை மணி நேரம் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது தேதிக்கு வாருங்கள் என்று மருத்துவரே சொன்னதும், சரி என்று புறப்பட்டுவிட்டார். "இது போதும், நிறுத்து" என்று உள்ளே சொல்வதற்கு ஆளில்லை. சைமனின் மட்டம் நினைவிருக்கிறதா? அந்த மட்டத்தைத் தொட்டோம் என்று மணி அடிப்பது உணர்ச்சியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், தமாசியோ தலையில் கட்டவேண்டாம்.

மே 19

இழை எங்கே போயிற்று என்று இருவர் கேட்டதால் இது.

நேற்று அக்காவோடு மருத்துவரிடம் போனேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவள் கேட்டாள்: "என்னை மாதிரி நூறு பேருக்கு நீங்க பண்ணியிருந்தா, ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் நல்லா இருப்பாங்க? மீதிப் பேருக்கு என்ன ஆகும்?" தலைக்கணக்கு! இந்த இழையில் படித்தாளா, தானாகத் தோன்றியதா என்று கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இருபது என்ற எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேனே தவிர, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். சிலருக்கு வலி மிச்சம் இருக்கும், சிலருக்கு மூட்டு இறுகிப்போகும், சிலர் இருபது வயதுக் கால் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள். மயக்க மருந்தைப் பற்றியும் கேட்டாள். அதற்குத் தனியாக மயக்கவியல் மருத்துவரைப் பார்க்கலாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழியும் இருக்கிறது என்றார். அக்கா அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "டிசம்பர்ல பண்ணிக்கிறேன்."

ஏன் டிசம்பர் என்றேன். சும்மா தோன்றியது என்றாள். மனதுக்குள் என் நோட்டுக் கணக்கைப் போட்டேன். ஏழு மாதம், பெருக்கல் 1.7. அடுத்த மே.